நாயின் பெயரைத் தடை செய்தால் போதுமா?

குழந்தையொன்று நாயினால் கடித்துக் குதறப்பட்டது என்ற செய்தி வெளிவரும் போதெல்லாம், அந்த நாயின் இனத்தையே நாட்டில் இல்லாதொழிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழுகின்றது. தென்னாபிரிக்காவில் 2022 இலும், பிரித்தானியாவில் 2023 இலும், இந்தியாவில் 2024 இலும் இக்கோரிக்கை ஓங்கி ஒலித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் கோபத்தை எவரும் குறைகூற முடியாது. ஆனால், கோபம் நியாயமானது என்பதனால் மாத்திரம் அதிலிருந்து பிறக்கும் சட்டம் பயனுள்ளதாக அமைந்துவிடுவதில்லை.

இவ்விடயம் எமக்குத் தொலைவான ஒன்றல்ல. எமது வாசகர்கள் பலரின் உறவினர்கள் பிரித்தானியாவில் குடியேறி வாழ்கின்றனர். இங்கும், அல்சேஷன் நாயைக் காவலுக்கு வளர்த்த வசதி படைத்த வீடுகளில் இன்று ரொட்வைலர் போன்ற நாய்களும் இடம்பிடித்துள்ளன. எனவே, பிறர் செய்து பார்த்த பரிசோதனைகளின் பெறுபேறுகளை நிதானமாக ஆராய்வது அவசியமாகின்றது.

இத்தகைய சட்டங்களுக்கெல்லாம் முன்னோடி பிரித்தானியாவின் 1991 ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டமாகும். அவ்வாண்டு மே மாதத்தில் பிரட்ஃபோர்ட் நகரில் ஆறு வயதுச் சிறுமியொருத்தியை பிட் புல் நாயொன்று கொடூரமாகத் தாக்கியது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பைத் தொடர்ந்து அப்போதைய உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் பாராளுமன்றத்தில் சட்டமூலத்தை விரைந்து நிறைவேற்றினார். பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ ஆர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ ஆகிய நான்கு வகை நாய்களை இனப்பெருக்கம் செய்வதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. அவசரமாக இயற்றப்பட்ட சட்டங்கள் எவ்வாறு அமையும் என்பதற்கு இச்சட்டம் இன்றும் உதாரணமாக எடுத்துக் காட்டப்படுகின்றது.

முதலாவது சிக்கல் வரைவிலக்கணத்திலேயே இருந்தது. பிட் புல் என்பது பிரித்தானிய நாய் வளர்ப்போர் கழகம் அங்கீகரித்த இனமன்று. ஆகவே சட்டம் 'இனம்' என்று கூறாமல் 'வகை' என்று கூறியது. 1993 இல் நீதிமன்றமும் 'வகை' என்ற சொல் 'இனம்' என்பதிலும் விரிந்த பொருளுடையது எனத் தீர்ப்பளித்தது. இதன் விளைவாக, ஒரு நாயின் தாய் தந்தை எவை என்பதோ, அது எவரையேனும் கடித்ததா என்பதோ முக்கியமற்றுப் போயின. தலையின் அகலமும் மார்பின் அளவும் தோற்றமுமே அதன் தலைவிதியைத் தீர்மானித்தன. 1992 இல் இலண்டனில், சுகவீனமுற்றிருந்த டெம்ப்சி என்ற நாயின் வாய்க்கவசம் சற்று நேரம் அகற்றப்பட்ட குற்றத்துக்காக, எவரையும் கடிக்காத அந்நாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீடித்த வழக்கின் பின்னர் 1995 இல் சட்ட நுணுக்கமொன்றினால் அது தப்பியது. 1997 ஆம் ஆண்டின் திருத்தமே நீதவான்களுக்குத் தற்றுணிபு அதிகாரத்தை வழங்கியது.

இரண்டாவது சிக்கல் இதனிலும் பாரதூரமானது. சட்டம் நான்கு பெயர்களை எழுதி வைத்தது. நாய்ச் சந்தையோ ஐந்தாவது பெயரொன்றைத் தேடிக்கொண்டது. அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட 'புல்லி' வகையின் மிகப் பெரிய வடிவமான எக்ஸ்.எல். புல்லி, கடந்த தசாப்தத்தின் நடுப்பகுதியில் பிரித்தானியாவுக்குள் நுழைந்தது. கொவிட் தொற்றுக் காலத்தில் நாய்க்குட்டிகளுக்கு ஏற்பட்ட கிராக்கி அதன் பெருக்கத்துக்கு மேலும் துணைபுரிந்தது. 2021 நவம்பரில் வேல்ஸின் கெயர்ஃபிலியில் பத்து வயதுச் சிறுவனொருவன் அத்தகைய நாயினால் கொல்லப்பட்டான். 2023 செப்டெம்பரில் பேர்மிங்ஹாமில் 11 வயதுச் சிறுமி தாக்கப்பட்டு, சில நாட்களில் ஸ்டஃபோர்ட்ஷயரில் ஒருவர் உயிரிழந்ததையடுத்து, பிரதமர் ரிஷி சுனக் இவ்வகை நாய்களும் தடை செய்யப்படும் என்று அறிவித்தார். 32 ஆண்டுகளின் பின்னர் பட்டியலில் ஐந்தாவது பெயர் சேர்ந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 டிசெம்பர் 31 முதல் எக்ஸ்.எல். புல்லி நாய்களை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் கைவிடுவதும் குற்றமாக்கப்பட்டன. 2024 பெப்ரவரி 1 முதல் விலக்களிப்புச் சான்றிதழ் இன்றி அவற்றை வைத்திருப்பதும் குற்றமாகியது. சான்றிதழ் பெறுவதற்கு 92.40 பவுண் கட்டணம் செலுத்தி, கருத்தடை செய்து, அடையாள நுண்சில்லைப் பொருத்தி, மூன்றாந் தரப்புக் காப்புறுதியையும் பெற வேண்டியிருந்தது. பொது இடத்தில் வாய்க்கவசமும் வாரும் கட்டாயமாகும். ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான நாய்கள் இவ்வாறு பதிவு செய்யப்பட்டன. ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் அவ்வாண்டிலேயே இதனைப் பின்பற்றின.

இத்தடையை முற்றிலும் பயனற்றது எனக் கூறிவிட முடியாது. 'எல்லா நாயும் கடிக்கும்' என்று வாதிடுவோர் ஓர் உண்மையை மறைக்கின்றனர். சிறிய நாயொன்று கடித்தால் காயம் ஆறும். ஐம்பது கிலோ எடையும், பற்றிய பிடியை விடாத தாடையும் கொண்ட நாய் கடித்தால் சிறுபிள்ளையின் உயிருக்கே ஆபத்து நேரலாம். கடிக்கும் வாய்ப்பு எதற்கு அதிகம் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கடித்தால் விளையும் கேடு எதனால் அதிகம் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அத்தகைய நாய்களை மேலும் மேலும் பெருக்கிப் பணம் சம்பாதிப்பதைத் தடுப்பது நியாயமான நடவடிக்கையே.

ஆயினும், தடையோடு கடமை முடிந்தது என்று அரசாங்கம் கருதுவதில்தான் ஆபத்து இருக்கின்றது. 2024 மே மாதத்தில் கிழக்கு இலண்டனின் ஹோர்ன்சர்ச் பகுதியில் பெண்ணொருவர் தமது சொந்த வீட்டிலேயே, முறைப்படி பதிவு செய்யப்பட்ட இரண்டு எக்ஸ்.எல். புல்லி நாய்களினால் தாக்கப்பட்டு உயிரிழந்தார். வாய்க்கவச விதி தெருவுக்குத்தான் பொருந்தும், வீட்டுக்குள் பொருந்தாது. மறுபுறம், கைப்பற்றப்படும் நாய்களை அடைத்து வைத்துப் பராமரிப்பதற்கும் மிருக வைத்தியச் செலவுக்குமாக இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸார் 2018 இல் செலவிட்ட தொகை சுமார் 40 இலட்சம் பவுண். தடையின் பின்னர் அது ஒரு கோடியே பத்து இலட்சம் பவுணையும் தாண்டியது. இப்பணத்தில் ஒரு பகுதியாவது கடிக்கு முன்னரான எச்சரிக்கைகளுக்கும் கண்காணிப்புக்கும் செலவிடப்பட்டிருக்குமானால் பயன் கூடுதலாக இருந்திருக்காதா என்ற கேள்வி எழுவது இயல்பே.

நெதர்லாந்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1993 இல் பிட் புல் வகையைத் தடை செய்த அந்நாடு, நாய்க்கடிகள் குறையவில்லை எனக் கண்டு 2008 இல் அத்தடையை நீக்கத் தீர்மானித்தது. அதே வேளை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2005 இல் கொண்டுவந்த தடையைக் கைவிடவில்லை. ஆக, உலகம் இவ்விடயத்தில் ஒருமித்த முடிவுக்கு வந்துவிடவில்லை.

இந்தியாவில் நடந்தது மற்றொரு பாடமாகும். 2022 ஜூலையில் லக்னோ நகரில் 82 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது மகன் வளர்த்த பிட் புல் நாயினாலேயே கொல்லப்பட்டார். இத்தகைய சம்பவங்களின் பின்னணியில் 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு, 23 இன நாய்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டாம் என மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு மாதத்துக்குள்ளேயே, சம்பந்தப்பட்ட தரப்பினரின் கருத்தைக் கேளாமல் வெளியிடப்பட்டது என்ற காரணத்தினால் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. அதற்கடுத்த மாதமே சென்னை மாநகராட்சிப் பூங்காவொன்றில் இரண்டு ரொட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அச்சிறுமி அப்பூங்காக் காவலாளியின் மகளாவாள். அவசரத்தில் எழுதப்பட்ட உத்தரவு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதனால் அக்குழந்தைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவுமில்லை.

அச்சிறுமி யாருடைய பிள்ளை என்பதை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகின்றோம். விலை உயர்ந்த நாயைக் காவலுக்கு வளர்ப்பவர் ஒருவர். கடிபடுபவரோ பெரும்பாலும் அந்த வீட்டின் பிள்ளை, அல்லது அதன் படலையைத் தாண்டிப் பிழைக்க வேண்டிய எளியவர். தபாற்காரர், பால்காரர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், மின்மானி வாசிக்க வருபவர் ஆகியோருக்கு நாயின் இனப்பெயர் தெரியாது. அது கட்டப்பட்டிருக்கின்றதா என்பதே அவர்களது கவலை. பிரித்தானியாவில் தபால் ஊழியர்களின் தொழிற்சங்கம் இடைவிடாது போராடியதன் பயனாகவே, தனியார் வளவுக்குள் நடக்கும் தாக்குதலுக்கும் உரிமையாளரைத் தண்டிக்கும் திருத்தம் 2014 இல் நடைமுறைக்கு வந்தது. மரணம் சம்பவித்தால் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க அத்திருத்தம் இடமளிக்கின்றது. நாயின் இனம் எதுவாயினும் இவ்விதி பொருந்தும். எமது நோக்கில், 1991 இன் பட்டியலை விட இத்திருத்தமே பெறுமதி மிக்கது.

தென்னாபிரிக்காவிலும் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. 2022 நவம்பரில் புளூம்ஃபொன்டைன் நகரில் எட்டு வயதுச் சிறுவன் பிட் புல் நாயினால் கொல்லப்பட்டபோது, தடை கோரும் மனுவில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். சில இடங்களில் ஆத்திரமடைந்த மக்கள் நாய்களை உயிருடன் எரித்த கொடுமையும் நிகழ்ந்தது. ஆனால், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டின் மேன்முறையீட்டு உச்ச நீதிமன்றம் ஆரவாரமின்றி ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தது. நைஸ்னா நகரில் தெருவழியே சென்ற ஏழைத் தொழிலாளி ஒருவரை மூன்று நாய்கள் தாக்கியதால் அவர் தமது இடது கையை இழந்தார். அந்நியர் ஒருவர் படலையைத் திறந்து விட்டதாலேயே நாய்கள் வெளியேறின என்று உரிமையாளர் வாதிட்டார். அவ்வாதத்தை நிராகரித்த நீதிமன்றம், நாயை வளர்க்கத் தீர்மானித்தவரே அது விளைவிக்கும் கேட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும் எனக் கூறியது.

அத்தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்தது ரோமன் டச்சுச் சட்டமாகும். எமது நாட்டின் பொதுச் சட்டமும் அதுவே. ஆகவே, கடிபட்டவர் உரிமையாளரிடம் நட்டஈடு கோரும் வழி இலங்கையிலும் கொள்கையளவில் திறந்தே இருக்கின்றது. ஆனால் நாய்க்கடிக்கு உள்ளான எத்தனை பேர் இதனை அறிவர்? அறிந்தாலும் சிவில் வழக்கின் செலவையும் தாமதத்தையும் தாங்கும் வல்லமை எத்தனை பேருக்கு உண்டு?

இலங்கையின் நிலைமையைப் பார்ப்போம். பிட் புல் டெரியர், ஜப்பானிய டோசா போன்ற சில இனங்களை இங்கு இறக்குமதி செய்ய ஏற்கனவே அனுமதி இல்லை. ஆனால் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் உள்ள விதி, உள்ளூரில் இனங்கலந்து பிறக்கும் குட்டியைக் காணாது. உள்ளே இருக்கும் நாய்களுக்கான பிரதான சட்டமோ 1901 ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமாகும். ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். இவ்விதியை எத்தனை வீடுகள் பின்பற்றுகின்றன என்பதை வாசகர்களே அறிவர். படலையில் 'நாய் கவனம்' என்று பலகை தொங்கவிட்டால் தமது பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணுவோரே அதிகம்.

மேலும், இந்நாட்டில் நாய்களால் ஏற்படும் மரணங்களில் பெரும்பங்கு தாடையின் பலத்தினால் நிகழ்வதன்று. விசர்நாய்க்கடி நோயினால் நிகழ்வதாகும். 1973 இல் 377 பேரைப் பலிகொண்ட அந்நோய், தடுப்பூசித் திட்டங்களினால் அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது மரணங்கள் என்ற அளவுக்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் நடைமுறை 2006 இல் கைவிடப்பட்ட பின்னர், கருத்தடையும் தடுப்பூசியுமே கொள்கையாக உள்ளன. அக்கொள்கை மனிதாபிமானமானது. ஆனால் அதற்குத் தேவையான பணமும் ஆளணியும் தடையின்றிக் கிடைத்தால் மாத்திரமே அது பயனளிக்கும். கட்டாக்காலி நாய்களுள் பல, ஒருகாலத்தில் வீட்டில் வளர்ந்து பின்னர் வீதியில் விடப்பட்டவை, அல்லது அவற்றின் சந்ததி என்பதையும் மறந்துவிடலாகாது. வேலியோர நாயாயினும் விலை உயர்ந்த நாயாயினும், பிரச்சினையின் வேர் ஒன்றே. வளர்த்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

எனவே, பெரும் அனர்த்தமொன்று நிகழ்ந்த மறுநாள் அவசர வர்த்தமானியொன்றை வெளியிடுவதற்குக் காத்திராமல், இப்போதே செய்ய வேண்டியவை சில உள்ளன. 1901 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக, தடுப்பூசியையும் நுண்சில்லையும் உரிமையாளரின் பெயரோடு இணைக்கும் பதிவு முறையொன்று கொண்டுவரப்பட வேண்டும். நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போருக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட வேண்டும். பெரிய காவல் நாய்களைப் பொறுத்தவரை, பெயரைக் கொண்டு அன்றி, உடற்பலத்தையும் முன்னைய நடத்தையையும் கொண்டு உறுதியான வேலி, வார், வாய்க்கவசம் ஆகிய நிபந்தனைகள் விதிக்கப்பட வேண்டும். முதல் முறைப்பாட்டின் போதே எச்சரிக்கை வழங்கும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருத்தல் வேண்டும். கடிபட்டவரின் வைத்தியச் செலவையும் இழந்த வருமானத்தையும் நீண்ட வழக்கின்றி உரிமையாளரிடமிருந்து பெற்றுக் கொடுக்கும் எளிய வழியும் தேவை.

பொதுமக்களுக்கும் கடமை உண்டு. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனடியாக அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கடித்தது வீட்டு நாய் என்பதற்காக அலட்சியமாக இருந்து உயிரிழந்தோரும் உளர்.

ஆபத்தான இனங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பட்டியல் நீள நீள, சந்தை அதற்கு முன்னே ஓடும் என்பதையே பிரித்தானியாவின் முப்பதாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் உணர்த்துகின்றது. நாயின் கழுத்தில் வாரைக் கட்டுவதற்கு முன்னர், அந்த வாரின் மறுமுனையைப் பிடித்திருப்பவரைச் சட்டத்தால் கட்ட வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களும் சம்பந்தப்பட்ட அமைச்சுகளும் இதனை உரிய காலத்தில் கவனத்திற் கொள்ளுமா? அல்லது ஒரு பிள்ளையின் மரணச் செய்திக்காகக் காத்திருக்குமா?