கோடியை மரக்காலில் அளந்து பார்ப்போம்

தஞ்சை ஜில்லாவில் ஒருவனைப் பணக்காரன் என்றால், "எத்தனை வேலி?" என்று கேட்பதுதான் நம் மக்கள் வழக்கம். ஒரு வேலி என்பது இருபது மா, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வடபாதிமங்கலம், குன்னியூர், கபிஸ்தலம், பூண்டி என்ற பெயர்களைக் கேட்டால் அக்காலத்துப் பண்ணையாள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் இந்த வேலிக் கணக்குதான். அந்த வேலிகளை அநேகமாய் எந்த மிராசுதாரும் உழுது சம்பாதித்ததில்லை. அப்பன் வைத்துப் போனான், பிள்ளை எடுத்துக்கொண்டான். அவ்வளவே சங்கதி.

இன்று பத்திரிகைகளில் வரும் தொகைகளோ வேலிக்கு அடங்குவனவல்ல. முகேஷ் அம்பானி அவர்களின் சொத்து 2024ஆம் ஆண்டு கணக்குப்படி ஏறக்குறைய 10 லட்சம் கோடி ரூபாய். டீக்கடையில் இதைப் படித்துவிட்டு, "அடேயப்பா" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். புத்திக்கு எட்டாத தொகையைக் கண்டு கோபமும் வருவதில்லை, கேள்வியும் வருவதில்லை. ஆகவே நமக்குத் தெரிந்த மரக்காலால் அதை அளந்து பார்ப்போம்.

2024-25இல் மத்திய சர்க்கார் சாதாரண நெல்லுக்கு வைத்த விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். அந்த விலைக்கு 10 லட்சம் கோடிக்கும் நெல் வாங்கினால் சுமார் 43 கோடி டன் வரும். காவிரி டெல்டாவின் பாசன நிலம் 14 லட்சம் ஏக்கர் என்றும், ஏக்கருக்குப் போகம் 2 டன் என்றும், எல்லா வயலும் இரு போகம் தவறாமல் விளைகிறதென்றும் வைத்துக்கொள்வோம். விதைக்கும் சோற்றுக்கும் ஒரு மணிகூட எடுக்காமல், டெல்டா முழுவதும் 77 வருஷம் அறுத்துக் கொட்டினால்தான் அந்த ஒரு குடும்பத்தின் களஞ்சியம் நிரம்பும்!

கூலிக்காரர் கணக்கையும் பார்ப்போம். 2024-25இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி 319 ரூபாய். கல்லணை கட்டி ஏறக்குறைய 2,000 ஆண்டு என்கிறார்கள். கல்லணைக்கு மண் சுமந்த ஒருவன் சாகாமல், ஒரு நாளும் ஓயாமல், இந்தக் கூலியை வாங்கி ஒரு காசும் செலவழிக்காமல் இன்று வரை சேர்த்து வைத்தாலும் அவன் கையில் இருப்பது 23 கோடிதான். அப்படிப்பட்டவர்கள் 43,000 பேர் கூடினால்தான் அந்தச் சொத்துக்குச் சமமாகும். உழைத்தால் உயரலாம் என்று நமக்கு உபதேசிப்பவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்லுவார்கள்?

அவர் தந்தை திருபாய், ஏடனில் ஒரு கம்பெனிச் சிப்பந்தியாயிருந்து உயர்ந்தவர். அவர் 2002இல் உயில் எழுதாமல் இறந்தார். 2005இல் பிள்ளைகள் இருவரும் தொழில்களைப் பங்கிட்டுக்கொண்டனர். பிள்ளை அதைப் பெருக்கினார் என்பதை நாம் மறுக்கவில்லை. தனி மனிதரைத் தூற்றுவதும் நம் நோக்கமல்ல. அந்த முதல் படியில் ஏறி நிற்கப் பிறப்பைத் தவிர வேறென்ன யோக்கியதை வேண்டியிருந்தது என்பதே நம் கேள்வி. முன்ஜென்ம புண்ணியம் என்பார்கள் சிலர். அப்படியானால் ஏடனில் சிப்பந்தியாயிருந்த காலத்தில் அந்தப் புண்ணியம் எங்கே போயிருந்தது?

"அவன் சொத்து அவனுக்கு, உனக்கென்ன நஷ்டம்?" என்றும் கேட்பார்கள். நமக்கென்ன நஷ்டம் என்பதைத் தஞ்சை ஜில்லா அனுபவித்தே அறிந்திருக்கிறது. கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதற்காகவும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் வெந்து மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 1973இல் ஹைகோர்ட்டு மிராசுதார்களை விடுதலை செய்தது. இவர்கள் பெரிய நிலச்சுவான்தார்கள், ஒருவருக்குக் கார்கூட உண்டு, இப்படிப்பட்டவர்கள் தாமே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இருந்தது. சில நூறு ஏக்கரும் ஒரு காரும் இத்தனை மரியாதையை வாங்கித் தருமானால், 10 லட்சம் கோடி எதைத்தான் வாங்கித் தராது?

இனி சட்டத்தைப் பாருங்கள். 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். இரண்டேகால் வேலிதான். பினாமியும் டிரஸ்டும் வைத்து ஏய்த்தவர்கள் உண்டென்றாலும், "இதற்கு மேல் ஒரு குடும்பத்துக்கு ஆகாது" என்ற நியாயம் சட்டத்தில் ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வயலுக்கு உள்ள அந்த நியாயம் கம்பெனிப் பங்குக்கு இல்லை! இறந்தவர் சொத்துக்கு வரி 1953இல் வந்தது. பெருஞ்சொத்துக்கு 85 சதவிகிதம் வரையில்கூட இருந்தது. வரும்படி சொற்பம், வசூல் செலவு அதிகம் என்று காரணம் சொல்லி 1985இல் அதை எடுத்துவிட்டார்கள். செல்வ வரியும் 2015இல் போயிற்று. வேலியில் ஓட்டையிருந்தால் அடைக்க வேண்டுமா, வேலியையே பிடுங்கி எறிய வேண்டுமா? முதலாளிகள் நாடான ஜப்பானிலேயே வாரிசு வரி 55 சதவிகிதம் வரை போகிறது. இங்கிலாந்தில் 40. அங்கெல்லாம் தொழில் அழிந்துவிடவில்லை.

எனவே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் தோழர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். "இரண்டேகால் வேலிக்கு மேல் வைக்காதே என்று உழவனுக்குச் சொன்னீர்களே, 77 வருஷ விளைச்சலைப் பிறந்த ஒரே காரணத்தால் அடையப்போகும் பிள்ளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?" பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன் என்பதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. பிறப்பால் ஒருவன் கோடீஸ்வரன் என்பதை மாத்திரம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?