வெடித்த சுவரும் வாஸ்து சாந்தியும்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்கி வருகின்றது. இதில் கல்யாணத்தைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியாய்விட்டது. வீட்டைப் பற்றி அதிகமாக எழுதியதில்லை. இப்போது எழுதவேண்டிய அவசியம் ஏற்பட்டதற்குக் காரணம், சென்ற மாதம் தஞ்சை ஜில்லாவிலிருந்து நம்மைப் பார்க்க வந்த ஒரு தோழர் சொன்ன சங்கதியேயாகும்.

அத்தோழர் முப்பது வருஷ காலம் பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வில் கிடைத்த தொகை முழுவதையும் போட்டு, போதாததற்கு பாங்கியிலும் கடன் வாங்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு கண்ட்ராக்டரிடம் பேசி வீடு கட்டினார். குடிபோய் ஒரு வருஷம் ஆவதற்குள் ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடித்தது. குளிக்கும் அறைக்கு மேலே தளம் ஒழுகிற்று. ஒரு நாள் இரவு, பேரப்பிள்ளை படுத்திருந்த பாய்க்கு இரண்டு முழ தூரத்தில், மேல் தளத்தின் காரை பெயர்ந்து விழுந்து உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துப் பல்லை இளித்தது.

கண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் தடவை, "இது பூச்சு வெடிப்பு, வாத்தியாரய்யா, எல்லா வீட்டிலும் வருவதுதான்" என்றார். இரண்டாவது தடவை, "மண் அப்படி, நான் என்ன செய்யட்டும்?" என்றார். மூன்றாவது தடவை வந்தபோது, கூடவே ஒரு வாஸ்து ஜோசியரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த ஜோசியர் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, தென்மேற்கு மூலை குறைபட்டிருப்பதால் வீடு வெடிக்கின்றதென்றும், சாந்தி செய்தால் நின்றுவிடுமென்றும் சொன்னார். வீட்டுப் பெண்களின் பயத்துக்கு இடங்கொடுத்து, நமது தோழர் 15,000 ரூபாய் செலவில் சாந்தியும் செய்தார். பூசணிக்காயும் உடைந்தது, சுவரும் மேலும் உடைந்தது.

இதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்துகொண்டே சொன்னார். அவரை நாம் பரிகாசம் செய்வதற்கில்லை. தலைக்கு மேலே கூரை விழும்போது பகுத்தறிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது அவ்வளவு சுலபமான காரியமல்ல. ஆனால் அந்த மூன்று பதில்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்துப் பார்ப்பது, வீடு கட்டப்போகின்ற ஒவ்வொருவருக்கும் பயன்படும்.

முதலாவது, பூச்சு வெடிப்பு என்பது. பூச்சு மாத்திரம் வெடிப்பதும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அது தலைமயிர் போல மெல்லியதாய், வலைபோலப் பரவியிருக்கும், ஆபத்தில்லை. ஆனால் கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, நாளுக்கு நாள் அகலுகின்ற வெடிப்பு, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகின்றது என்பதற்கு அடையாளமாயிருக்கக் கூடும். எது என்று அறிய ஜோசியர் வேண்டியதில்லை. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் ஒட்டித் தேதி எழுதி வைத்தால் போதும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னமும் நகருகின்றது என்று அர்த்தம்.

இரண்டாவது, மண் அப்படி என்பது. களிமண்ணும் கரிசலும் மழையில் ஊறினால் உப்பும். கோடையில் காய்ந்தால் சுருங்கும். இது வாஸ்தவந்தான். ஆனால், மண் பொல்லாதது என்பது வீட்டைக் கட்டி முடித்துப் பணத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் வெளியாகக்கூடிய இரகசியமா என்று கேட்கின்றோம். மண்ணைப் பரிசோதித்து அதற்குத் தக்கபடி அஸ்திவாரம் போடுவதற்குத்தானே கட்டத் தெரிந்தவர் என்று ஒருவரைத் தேடிப் போகின்றோம்? மண்ணைக் குற்றஞ் சொல்லுகின்ற கண்ட்ராக்டர், தாம் மண்ணைப் பாராமலே கட்டியதாகத் தாமே ஒப்புக்கொள்ளுகின்றார்.

மூன்றாவது, வாஸ்து. நம் தோழர் பிறகு ஒரு இஞ்சினீயரை அழைத்துக் காட்டியதில், பெயர்ந்த இடத்தில் கம்பிக்கு அடியில் காரை அநேகமாக இல்லவே இல்லை என்று தெரியவந்தது. கான்கிரீட் கட்டிடங்களுக்கென்று நம் தேசத்தில் ஐ.எஸ். 456 என்ற தர விதி 2000-ஆம் வருஷத்தில் திருத்தி வெளியிடப்பட்டிருக்கின்றது. அதன்படி தளத்தின் கம்பிக்குச் சாதாரண இடங்களில் சுமார் 20 மில்லிமீட்டரும், தூணின் கம்பிக்குச் சாதாரணமாக 40 மில்லிமீட்டரும் கான்கிரீட் மூடியிருக்கவேண்டும். அந்த மூடாக்கு இல்லாவிட்டால் ஈரமும் காற்றும் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும், துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கக்கூடியதாகையால், உள்ளிருந்து காரையைப் பிளந்து தள்ளும். உப்பு மணலைக் கலந்தால் இக்காரியம் இன்னும் சீக்கிரத்தில் நடக்கும். கலவை இளகி ஓடட்டும் என்று தண்ணீரை அதிகமாக ஊற்றினால் கான்கிரீட்டின் பலம் குறையும். தளம் போட்ட பிறகு குறைந்தபட்சம் 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்திராவிட்டாலும் அப்படியே.

கம்பிக்கு அடியில் வைக்கவேண்டிய சிறு கான்கிரீட் கட்டையின் விலை என்ன? தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கு ஆகும் செலவு என்ன? இந்த அற்பச் செலவை மிச்சம் பிடித்தவரின் குற்றத்தைத் தென்மேற்கு மூலையின் தலையில் சுமத்துவதற்கு வாஸ்து சாஸ்திரம் உபயோகப்படுகின்றது. கட்டினவரை நோக்கி நீளவேண்டிய விரலை அது திசையை நோக்கித் திருப்பிவிடுகின்றது. கண்ட்ராக்டர் ஏன் ஜோசியரைத் தம் சொந்தச் செலவில் வண்டி வைத்து அழைத்து வந்தார் என்பது இப்போது விளங்குகின்றதல்லவா?

2014-ஆம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி சென்னைக்கு அருகில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் ஒன்று கட்டும்போதே இடிந்து விழுந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்பைத் தேடி வந்து அங்கே வேலை செய்துகொண்டிருந்த கூலித் தொழிலாளிகள். அந்த 61 பேருக்கும் ஒரே நாளில் ஆயுள் முடியும்படி ஜாதகம் அமைந்திருந்ததா? பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டிடமும் ஆபத்தானது என்று 2016-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதற்கு ஒரு சாந்தி செய்து நிறுத்திக்கொள்ளலாம் என்று எந்த வைதிகரும் உள்ளே குடிபோக முன்வந்ததாக நாம் கேள்விப்படவில்லை.

இது நமது புதுக் கண்டுபிடிப்புமல்ல. சுமார் 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோனில் ஆண்ட ஹம்முராபி என்ற அரசன் கல்லில் வெட்டிவைத்த சட்டம் 1901-இல் பாரசீகத்துச் சூசா நகரில் அகப்பட்டது. அதிலேயே, கட்டிய வீடு விழுந்தால் கட்டினவனே தன் சொந்தச் செலவில் திரும்பக் கட்டித்தர வேண்டுமென்றும், சுவர் சரியில்லாமல் சாய்ந்தால் அவனே தன் பணத்தால் அதைப் பலப்படுத்த வேண்டுமென்றும் இருக்கின்றது. வீட்டுக்காரன் செத்தால் கட்டினவனுக்கு மரண தண்டனை என்றும் இருக்கின்றது. அந்தக் கொடிய தண்டனை நமக்கு வேண்டாம். ஆனால் சூரியதேவனிடம் பக்தி கொண்ட அந்த அரசனுக்கே, வெடித்த சுவருக்குப் பொறுப்பாளி கட்டினவன்தான் என்பது தெரிந்திருந்ததே!

நிற்க. பரிகாரம் என்ன என்று கேட்பார்கள். பரிகாரம் சட்டத்தில் இருக்கின்றது. வீடு கட்டிக்கொடுப்பதும் ஒரு சேவையே என்று சுப்ரீம் கோர்ட்டு 1993-இல் லக்னோ அபிவிருத்தி அதிகார சபை வழக்கில் தீர்ப்புச் செய்தது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அவ்விதமே கண்டிருக்கின்றது. ஆகவே சொந்த மனையில் கண்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர் ஜில்லா நுகர்வோர் கமிஷனில் புகார் கொடுக்கலாம். வக்கீல் இல்லாமல் தாமே நின்று பேசலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. வியாஜ்ய காரணம் ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். "பார்க்கலாம், அடுத்த மாதம் வருகிறேன்" என்ற வாய்தாக்களில் அந்த இரண்டு வருஷத்தையும் ஓட்டிவிடுவதுதான் பல கண்ட்ராக்டர்களின் தந்திரம்.

மனையோடு கட்டிடத்தையும் விற்கின்ற கம்பெனிகளிடம் வாங்கினவர்களுக்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கின்றது. அதன் 14-வது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டிட அமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், விற்றவர் 30 நாளில் தம் செலவிலேயே சரிசெய்து தரவேண்டும். தவறினால் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும்.

ஆனால் சட்டம் சாட்சியம் கேட்கும். நம் தோழரிடம் "ஒப்பந்தப் பத்திரம் எங்கே?" என்று கேட்டோம். இல்லை என்றார். ஏனென்று கேட்டதற்கு, "அவர் நம்ம ஜாதிக்காரர்; ஒன்றுவிட்ட உறவு; எழுத்துக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று இருந்துவிட்டேன்" என்றார். பாங்கியில் பணம் போட்ட ரசீதுகளும் கைப்பட எழுதிய ஒரு கணக்குச் சீட்டுமே அவரிடம் மிஞ்சியிருந்தன. வாஸ்து பிற்பாடு வந்து செய்த கெடுதியை ஜாதி முன்னாடியே வந்து செய்துவிட்டது. தன் வாழ்நாள் சம்பாத்தியத்தை ஒருவரிடம் கொடுக்கும்போது எழுத்துக் கேட்பதற்கு வெட்கப்படுகின்றவர் சுயமரியாதைக்காரர் ஆவது எப்படி?

ஆதலால் வீடு கட்டப்போகும் தோழர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். கம்பியின் கனம், சிமெண்டு, கான்கிரீட்டின் தரம், எந்த வேலை முடிந்தால் எந்தத் தவணை என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்கட்டும். கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் போடும்போது சோதனைக் கட்டிகள் வார்த்து, 28-வது நாளில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வெடிப்புக் கண்டால் வாயால் சண்டை போடாமல், அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் எழுதுங்கள். சம்பந்தமில்லாத ஒரு இஞ்சினீயரிடம் அறிக்கை வாங்குவதற்கு முன்னால் வெடிப்பைப் பூசி மறைத்துவிடாதீர்கள். அந்த வெடிப்புத்தான் உங்கள் முதல் சாட்சி. ஆனால் மேலே விழக்கூடிய இடமாயிருந்தால், படம் எடுத்த கையோடு முட்டுக்கொடுத்து, பிள்ளைகளை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள்.

கண்ட்ராக்டர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கடைசித் தவணையைக் கொடாமல் ஏமாற்றுவதற்காகவே வெடிப்பைத் தேடி அலைகின்ற வீட்டுக்காரர்களும் உண்டு. பாதிக் கட்டிடத்தில் வாஸ்து என்று சொல்லித் தூணை நகர்த்தச் சொல்லுகின்றவர்களும், ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மூன்று மாடி ஏற்றுகின்றவர்களும் உண்டு. அவர்கள் வீடு வெடித்தால் குற்றம் அவர்களுடையதே. யார் குற்றம் என்று பார்க்கத்தான் நடுவிலே ஒரு இஞ்சினீயர் வேண்டுமென்கிறோம். அன்றியும், கலவை சுமந்த சித்தாளின் மீதும் பூசின கொத்தனார் மீதும் பாய்வதில் பிரயோஜனமில்லை. சிமெண்டைக் குறைக்கச் சொன்னவர் அவர்களல்ல. குறைத்ததில் மிஞ்சிய லாபம் அவர்கள் கைக்குப் போகவுமில்லை.

நம் தோழர் இஞ்சினீயரின் அறிக்கையோடு நோட்டீசு அனுப்பினார். எட்டு மாதமாகக் கண்ணில் படாத கண்ட்ராக்டர் எட்டாம் நாள் வீடு தேடி வந்து, "கோர்ட்டுக் கச்சேரியெல்லாம் எதற்கு, வாத்தியாரய்யா? நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றாராம். பேசியதில், பூச்சு வேலைக்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஏற்பட்டதால், தோழர் ஜில்லாக் கமிஷனில் புகார் கொடுத்திருக்கின்றார். தீர்ப்பு எப்படி ஆகுமோ, அது கமிஷன் பார்த்துக்கொள்ள வேண்டியது. சாந்திக்குச் செலவான 15,000 ரூபாயையும் நஷ்டக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவர் நம்மைக் கேட்டார். அதை மாத்திரம் சேர்க்கவேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். கட்டிடத்தின் குறைக்குக் கண்ட்ராக்டர் பொறுப்பாளி. அந்தப் பணத்துக்கு நாமேதான் பொறுப்பாளி.