பத்மினி: எட்டு வரிகளுக்குள் அடங்காத வாழ்க்கை

நாட்டியப் பேரொளி பத்மினி 2006 செப்டெம்பர் 24ஆம் திகதி சென்னையில் காலமானார். அப்போது நான் கொழும்பிலே ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். யுத்தம் மீண்டும் மூண்டிருந்த நாட்கள் அவை. ஏ-9 பாதை மூடப்பட்டு ஆறு வாரங்கள் கடந்திருந்தன. பக்கங்கள் எல்லாவற்றையும் போர்ச் செய்திகளே நிறைத்திருந்தன. நடிகை ஒருவரின் மரணத்துக்கு எட்டு வரிகளே ஒதுக்க முடிந்தது. அந்த எட்டு வரிகளுக்குத் தலைப்பு இட்டவன் நானே: "சிவாஜியின் கதாநாயகி பத்மினி மறைவு".

செய்தி வெளியான அன்று முற்பகல் ஒரு முதிய வாசகி தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். "தம்பி, சிவாஜி காலமான நேரம் 'பத்மினியின் கதாநாயகன் மறைவு' என்று தலைப்புப் போட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலாகவே இதனை எழுதுகிறேன். மிகவும் காலந்தாழ்ந்த பதில்தான்.

பத்மினி 1932இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். மூத்தவர் லலிதா, இளையவர் ராகினி. மூவரும் 'திருவாங்கூர் சகோதரிகள்' என்ற பெயரில் மேடைகளில் ஆடிப் புகழ்பெற்றார்கள். கதகளி மரபில் வந்த குரு கோபிநாத்திடமும், பரதத்தில் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடமும் பயின்றவர்கள். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாக்கி 1948இல் வெளியான 'கல்பனா'வின் மூலமே பத்மினி திரைக்கு வந்தார். நாட்டியத்தைப் பற்றி ஒரு நாட்டியக் கலைஞர் எடுத்த படம் அது. ஆகவே சினிமா அவரை நடிகையாகக் கண்டெடுக்கவில்லை. ஆடத் தெரிந்த ஒருவரைத்தான் இரவல் வாங்கிக்கொண்டது.

அந்நாட்களில் லலிதா, பத்மினி நடனம் ஒரு தனிச் சரக்காகவே கருதப்பட்டது. கதைக்குத் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, படத்தின் நடுவே சகோதரிகள் இருவரும் வந்து ஆடிவிட்டுச் செல்வார்கள். 'வேதாள உலகம்', 'வேலைக்காரி' போன்ற படங்களைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். 1951இல் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' தமிழில் பத்மினியைக் கதாநாயகி ஆக்கியது. மறு ஆண்டு அதே கலைவாணர் இயக்கிய 'பணம்' படத்தில் சிவாஜி கணேசனுடன் முதன்முதலில் இணைந்தார். பின்னர் இருவரும் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்கள். என்னுடைய தலைப்பு பிறந்த இடம் இதுதான்.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் அந்தத் தலைப்புக்குள் அடங்காதவை எத்தனை! 1957இல் கே. ஏ. அப்பாஸும் சோவியத் இயக்குநர் வசீலி ப்ரோனினும் சேர்ந்து எடுத்த 'பர்தேசி'யில் நடித்தார். 1960இல் ராஜ்கபூருடன் 'ஜிஸ் தேஷ் மே கங்கா பெஹ்தி ஹை'யில் கொள்ளையர் தலைவனின் மகளாக வந்து வடஇந்தியாவைக் கவர்ந்தார். தமிழ், மலையாளம், தெலுங்கு, ஹிந்தி என்று சுமார் 250 படங்கள். நம் கதாநாயகர்களில் எத்தனை பேருக்கு இந்த எல்லை வாய்த்தது?

1958இல் வெளிவந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' போட்டி நடனத்தைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. எஸ். எஸ். வாசனின் அந்தப் படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடியதை இன்றும் இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பார்க்கிறார்கள். "யார் வென்றார்?" என்று விவாதிப்பதே பலருக்குப் பொழுதுபோக்கு. அது தேவையற்ற விவாதம் என்பது என் கருத்து. வைஜயந்திமாலாவின் பலம் வேகமும் துல்லியமும். பத்மினியின் பலம் முகம். கால் ஜதிக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே கண்ணும் புருவமும் வேறொரு கதையைச் சொல்லும். கதகளிப் பயிற்சி உடலில் ஊறியதன் விளைவு அது என்று நினைக்கிறேன்.

சினிமா நடனம் சாஸ்திரியத்தைக் கெடுத்துவிட்டது என்று குறைகூறுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. திரையில் வருவது மூன்று நான்கு நிமிடத் துண்டு. ஒரு வர்ணத்தை விரித்து ஆடும் பொறுமை கமெராவுக்குக் கிடையாது. ஆனால் சபாக்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வழியில்லாத, சபா என்ற ஒன்றே இல்லாத ஊர்களில் இருந்தவர்களின் பக்கமிருந்தும் இதனைப் பார்க்க வேண்டும். பருத்தித்துறையிலே எங்கள் அம்மம்மாவுக்குப் பரதநாட்டியம் என்றால் பத்மினிதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அரங்கேற்றத்துக்குப் போய்வந்து, "பிள்ளை நல்லாத்தான் ஆடுது, ஆனால் பத்மினியின்ர கண் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்.

1961இல் பத்மினி டொக்டர் ராமச்சந்திரனை மணந்தார். திருமணமான கதாநாயகியை ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பது திரையுலகின் எழுதாத சட்டம். ஒரு பிள்ளைக்குத் தாயான பின்னர் திரும்பி வந்து அந்தச் சட்டத்தை அவர் பொய்யாக்கினார். தம்பியின் படிப்புக்காக முதியவருக்கு வாழ்க்கைப்படும் பெண்ணாக 'சித்தி'யில் (1966) நடித்தார். 1968இல் வந்தது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்புவின் நாவலை ஏ. பி. நாகராஜன் படமாக்கியபோது மோகனாவாக ஆடியவருக்கு வயது 36. நாகஸ்வரத்தை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிப்பதுபோல் நடித்தார். அதை மகா நடிப்பு என்று சரியாகவே கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் படத்தில் பத்மினி ஆடுவதுபோல் நடிக்கவில்லை, ஆடினார். இந்த வேறுபாட்டை நாம் போதிய அளவு பேசியதில்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அழுகைக் காட்சிகளில் அவர் பல தடவை அளவை மீறியிருக்கிறார். அதற்கு அவர் மட்டும் பொறுப்பல்ல. கதாநாயகி என்றால் படத்தின் பிற்பாதி முழுவதும் கண்ணீர் விடவேண்டியவள் என்று எழுதி வைத்த கதாசிரியர்களும், அதற்கே கைதட்டிய நாமும் பொறுப்பு.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று நியூ ஜேர்சியில் நடனப் பள்ளி நிறுவினார். திரையுலகம் அவரை முடிந்த கதையாகக் கருதியிருக்கக்கூடும். அப்போதுதான் ஃபாசில் அழைத்தார். முதலில் மலையாளத்திலும், பின்னர் 1985இல் தமிழில் 'பூவே பூச்சூடவா'வாகவும் அந்தக் கதை வந்தது. ஒப்பனை இல்லாத, தனித்து வாழும், முன்கோபக்காரப் பாட்டி. முன்பு குறிப்பிட்ட அந்த அழுகையின் மிகை இதில் துளியும் இல்லை. என்னைக் கேட்டால், நடிகை என்ற வகையில் அவருடைய சிகரம் மோகனாம்பாள் அல்ல, இந்தப் பாட்டிதான்.

1986இல் எங்கள் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டியும் 'டெக்'கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து அந்தப் படத்தைப் பார்த்தோம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர்தான் என் அண்ணன் ஜேர்மனிக்குப் புறப்பட்டிருந்தான். முற்றத்தில் இருந்த வீடுகளில் பிள்ளை ஒன்றை அனுப்பாத வீடு அரிது. கடைசியில், பேத்தியைச் சத்திரசிகிச்சைக்காக அழைத்துச் சென்ற பின்னர், கழற்றி வைத்திருந்த வாசல் மணியை அந்தப் பாட்டி திரும்பவும் பொருத்துகிறாள். அவள் திரும்பி வருவாளா என்பது யாருக்கும் தெரியாது. வந்தால் மணி அடிக்க வேண்டுமே.

படம் முடிந்தது. யாரும் எழும்பவில்லை. அம்மம்மா மட்டும், "படலையைப் பூட்டாதையுங்கோ" என்றார். அன்றிலிருந்து 1991இல் அவர் கண்மூடும் வரை இரவிலே எங்கள் படலைக்குப் பூட்டுப் போட விடவில்லை. இராணுவம் சுற்றி வளைத்த நாட்களிலும்கூட. அண்ணன் வந்து சேர்ந்தது 2003இல்.

அந்த ஆசிரியை இப்போது உயிருடன் இருக்கிறாரோ தெரியாது. அன்றைய தலைப்பை இன்று மாற்றி எழுதச் சொன்னால் சிவாஜியின் பெயர் அதில் இராது. "நடனக் கலைஞர் பத்மினி மறைவு" என்று இடுவேன். அவருக்கு வேறொருவரின் பெயர் தேவையில்லை.