ஷ்ஷ்ஷ்... சிஸ்டர் தூங்குறாங்க!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மட்டும் புக்கைத் திறக்கிற வம்சம் நாம. விடிய விடிய 'நைட் அவுட்' அடிச்சுட்டு, எக்ஸாம் முடிஞ்சதும் ஹாஸ்டல்ல கும்பகர்ணனுக்கே சவால் விடுறதைப் பெரிய சாதனையா பேசுவோம். நானும் அப்படித்தான் அலட்டிக்கிட்டு இருந்தேன்... எங்க அக்கா முழங்கையில பிளாஸ்டரோட வந்து நிற்கிற வரைக்கும்!

அக்கா திருச்சியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டின்னா ராத்திரி எட்டு டு காலை எட்டு. தொடர்ந்து ஆறு நைட். அன்னிக்கு டூட்டி முடிஞ்சு வர்றப்போ, சிக்னல்ல ஸ்கூட்டியை நிறுத்தினவ அப்படியே தூங்கிச் சாய்ஞ்சுட்டா. நல்லவேளை, வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"விழுந்தது பெரிசில்லடா. விடியக்காலம் நாலு மணிக்கு ஒரு மருந்தோட அளவை மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் மனசுல நிக்கலை. கடைசியில பக்கத்து வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

நம்ம நைட் அவுட் சொதப்பினா ஒரு அரியர். அவங்களோடது சொதப்பினா..?

ஏன் இப்படி? நம்ம உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அது எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்ச ஹால், ராஸ்பாஷ், யங் மூணு பேருக்கும் 2017-ல் நோபல் பரிசே கிடைச்சது. மூளையில் இருக்கிற தலைமைக் கடிகாரத்துக்கு 'டைம்' சொல்றது கண்ணுல படுற வெளிச்சம். இருட்டினதும் மெலடோனின் சுரந்து, 'படுக்கிற நேரம்'னு உடம்புக்குச் சொல்லும். நைட் டூட்டி முடிச்சவங்க வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல சூரியன், 'எந்திரி எந்திரி'ன்னு உசுப்பிவிடுது. எங்க இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, பக்கா 'ஃபேஸ் ஷிஃப்ட்'!

சரின்னு, தூக்க மாத்திரை பக்கம் போகாம அக்கா தனக்குத்தானே சில வைத்தியம் ஆரம்பிச்சா.

காபிக்கு கெடு: காபியில் இருக்கிற கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடிச்சா, ஒன்பது மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளே முழிச்சுக்கிட்டு இருக்கும். அதனால ராத்திரி ஒரு மணிக்கு மேல நோ காபி.

குட்டித் தூக்கம்: முதல் நைட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் படுத்துடுவா.

செயற்கை ராத்திரி: ஜன்னலுக்கு அடர்கறுப்புத் துணி. செல்போன் சைலன்ட். வயித்துக்கு ரெண்டே இட்லி.

இறுக்கு, விடு: ஜேக்கப்சன்கிற அமெரிக்க டாக்டர் போன நூற்றாண்டுல சொல்லிக்கொடுத்த டெக்னிக். பாதத்துல ஆரம்பிச்சு முகம் வரைக்கும், ஒவ்வொரு தசையா அஞ்சு செகண்ட் இறுக்கிப் பிடிச்சு, மெதுவா தளர்த்தணும். உடம்பு லேசானா மனசும் வார்டை விட்டு வீட்டுக்கு வந்துடும்.

எல்லாம் செஞ்சும் மூணாவது நாள் சிவந்த கண்ணோட எழுந்து வந்தா. வில்லன் யார் தெரியுமா? நாங்கதான்! அம்மாவோட மிக்ஸி, அப்பாவோட நியூஸ் சேனல், என்னோட கிரிக்கெட் கமென்ட்ரி, நடுவுல கொரியர்காரரோட காலிங்பெல். ராத்திரி பத்து மணிக்கு யாராச்சும் நம்ம தலைமாட்டுல மிக்ஸி ஓட்டினா சும்மா விடுவோமா? பகல்ங்கிறதால அக்கா தூக்கத்துக்கு அந்த மரியாதை கிடைக்கலை.

இப்போ எங்க வீட்டுல புதுச் சட்டம். அரைக்கிறது எல்லாம் எட்டு மணிக்குள்ள. நான் ஹெட்போன். காலிங்பெல்லுக்கு லீவு. நைட் டூட்டி வாரத்துல ஸ்கூட்டி ஷெட்டுக்குள்ள, அப்பாதான் டிரைவர். மூணு மணி நேரத் தூக்கம் ஒண்ணும் எட்டா மாறிடலை. அஞ்சு ஆகியிருக்கு. அதுக்கே, "இப்பல்லாம் ஒரு தடவை படிச்சாலே மனசுல நிக்குதுடா"ங்கிறா.

பல வாரமா தூக்கமே பிடிக்கலைன்னா டாக்டரைப் பார்க்கணும். ஆஸ்பத்திரிக்காரங்க கையிலயும் ஒண்ணு இருக்கு. டூட்டியைக் காலை, மதியம், நைட்னு வரிசையா முன்னோக்கி மாத்தினா உடம்புக்குக் கொஞ்சம் சுலபம். ஆறு நைட்டை ஒரேயடியா தலையில கட்டாம இருந்தா இன்னும் புண்ணியம்.

நாம செய்யவேண்டியது ரொம்ப சிம்பிள் பாஸ். காலை பஸ்ஸுல ஜன்னலோரம் ஒரு சிஸ்டர் கண்ணசந்திருந்தா, செல்போன்ல பாட்டை அலறவிடாதீங்க. நேத்து ராத்திரி உங்க தாத்தாவுக்காக முழிச்சிருந்தவங்களா இருக்கலாம்.

சரி, கீபோர்டு சத்தம் ஓவரா கேட்குதாம், அம்மா முறைக்கிறாங்க. அடுத்த வாரம் பார்ப்போம். அக்கா தூங்குறா!