கட்டும் கையும் சுடும் விரலும்

எங்கள் தமிழ் விருப்பப்பாட வகுப்பில் பதினொரு பேர் படிக்கின்றனர். சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவன் தன் அண்ணனுடைய பழைய கையடக்க விளையாட்டுக் கருவியைப் பள்ளிக்குக் கொண்டுவந்திருந்தான். இடைவேளையில் மற்றவர்கள் அவனைச் சூழ்ந்து நின்றனர். நான் அருகில் சென்றதும் அவன் எழுந்து, "ஐயா, இது சண்டை விளையாட்டு இல்லை, பொம்மை விளையாட்டுத்தான்" என்றான். திரையிலோ ஆயுதம் ஒன்று நீண்டிருந்தது. எதிரே தோன்றிய பகைவர் மீது அது ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. அந்த விளையாட்டின் பெயர் 'பயோனிக்கிள் ஹீரோஸ்'. 2006-ஆம் ஆண்டு வெளிவந்த அது, உண்மையாகவே ஒரு பொம்மை வரிசையை அடிப்படையாகக் கொண்டது. ஆயினும், பொம்மையிலிருந்து பிறந்ததெல்லாம் பொம்மை ஆகிவிடுமா? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் அந்தப் பொம்மையின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் வாழ்ந்தார். அவர் 1932-இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனமே லெகோ. 'நன்றாக விளையாடு' என்னும் பொருள் தரும் டேனிஷ் சொற்களிலிருந்து அப்பெயர் உருவானது. ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் இன்றைய லெகோ கட்டைக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ்கள் கொண்ட, ஒரே நிறமுள்ள ஆறு கட்டைகளை 91,51,03,765 வகைகளில் இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர். ஒரு குழந்தையின் கையில் அடங்கும் ஆறு சிறு கட்டைகளுக்குள் இத்தனை வாய்ப்புகள் உள்ளன!

அந்நிறுவனம் 2001-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரப்பிய பொம்மை வரிசையே பயோனிக்கிள். முகமூடி அணிந்த இயந்திர வீரர்கள் அதில் இடம்பெற்றனர். அவர்கள் முழு உருவமாக விற்கப்படவில்லை. கை, கால், மூட்டு, பற்சக்கரம், முகமூடி எனத் தனித்தனி உறுப்புகளாகவே வந்தனர். குழந்தை தன் கையால் பொருத்திய பிறகே வீரன் எழுந்து நின்றான். ஒருவனுடைய முகமூடியை மற்றொருவனுக்கு மாட்டலாம். இரண்டு வீரர்களைக் கலைத்து மூன்றாம் உருவம் ஒன்றைப் படைக்கலாம்.

நிண்டெண்டோ டி.எஸ். என்னும் கையடக்கக் கருவிக்காக உருவான விளையாட்டில் இந்த நிலை மாறிவிட்டது. அங்கே வீரன் முன்னரே முழுமை பெற்று நிற்கிறான். நாம் அவன் கண்களின் வழியே பார்க்கிறோம். குறி பார்ப்பதும் சுடுவதும் முன்னேறுவதுமே நம் முதன்மையான வேலை. முகமூடிகள் அங்கும் உண்டு. ஆனால் அவை விரல்களால் பொருத்திப் பார்க்கும் உறுப்புகளாக இல்லை.

இதில் மற்றொரு முரணும் உள்ளது. இக்காலப் போர்க்கருவிகளை உள்ளபடியே காட்டும் பொம்மைகளைச் செய்வதில்லை என்பது லெகோ நிறுவனத்தின் கொள்கை. 2020-இல் ஆஸ்ப்ரே என்னும் வானூர்தியின் மாதிரியை அது விற்பனைக்குக் கொண்டுவர இருந்தது. உண்மையான ஆஸ்ப்ரே படைத்துறையில் பயன்படுவது என்று ஜெர்மானிய அமைதி இயக்கம் ஒன்று எதிர்ப்புத் தெரிவித்ததும், அந்த வெளியீட்டை நிறுவனம் கைவிட்டது. பயோனிக்கிள் கற்பனை உலகைச் சேர்ந்ததாதலால் அக்கொள்கை அதைத் தடுக்கவில்லை. ஆனால் சுடுதல் என்னும் செயல், ஆயுதம் கற்பனையானாலும் சுடுதல்தானே?

இங்கே நீங்கள் ஒரு மறுப்பைச் சொல்லலாம். "உடைப்பதும் விளையாட்டே அல்லவா?" என்று கேட்கலாம். ஆம், பிள்ளைத்தமிழில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிறுவன் சிதைக்க வருவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. குழந்தை அடுக்கிய கட்டைகளைத் தானே தட்டிவிட்டுச் சிரிப்பதையும் காண்கிறோம். ஆனால் அங்கே கலைந்த கட்டைகள் குழந்தையின் காலடியிலேயே கிடக்கின்றன. அடுத்த கணம் வேறொன்றாக எழுகின்றன. திரையில் வீழ்ந்த பகைவனைக் கொண்டு நம் கை எதையும் புதிதாகக் கட்டுவதில்லை.

மற்றொரு மறுப்பு எனக்கே தோன்றுகிறது. நம் பள்ளியில் பலர் பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்பவர்கள். நானும் சொந்த ஊரை விட்டு வந்தவன். மூட்டை கட்டும்போது முதலில் கழிக்கப்படுவது பொம்மைப் பெட்டியே. கையடக்கக் கருவியோ சட்டைப்பையில் அடங்கும். நண்பர் இல்லாத புது ஊரில் துணையாகவும் இருக்கும். ஆகவே அதைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு விளையாட்டை மதிப்பிடும்போது, "இதில் சண்டை உண்டா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், "இதில் நான் எதைச் செய்தேன்?" என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. இரண்டாம் கேள்விக்கு விடை இல்லாத விளையாட்டு மட்டுமே ஒரு குழந்தைக்கு வாய்க்குமானால், அது பெரிய இழப்பு.

அன்று அம்மாணவனிடம், "இந்த வீரனைக் கையால் செய்திருக்கிறாயா?" என்று கேட்டேன். அவன் வியப்போடு பார்த்தான். அப்படி ஒரு பொம்மை இருந்ததை அவன் கண்டதே இல்லை. கைகளால் கட்டுவதற்கென்று பிறந்த வீரனைச் சுடுபவனாக மட்டுமே அவன் அறிந்திருந்தான். அவன் முதலில் சொன்ன 'பொம்மை' என்ற சொல் அப்போது எனக்கு வருத்தம் தந்தது.

அடுத்த வாரம் அட்டை, கம்பி, பாட்டில் மூடி ஆகியவற்றைக் கொண்டு ஆளுக்கொரு வீரனைச் செய்தோம். அவனுடைய வீரனின் இடக்கை மூன்று முறை கழன்று விழுந்தது. நான்காம் முறை அவன் கம்பியை வேறு விதமாக வளைத்தான், கை நின்றது. மணி அடித்தும் அவன் எழவில்லை.

மாணவர்களே, நீங்கள் விரும்பி ஆடும் விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் உங்கள் கை எதைச் செய்கிறது என்று எழுதுங்கள். என் கருத்தை மறுத்தும் எழுதலாம். காரணம் மட்டும் தவறாமல் காட்டுங்கள்.