வில்லையில் வந்த விலங்கு

நூல் நூற்று நாட்டுக்கு ஆடை தந்த நகரம் கோவை. அங்கே இன்று ஊசி பிடிக்கிறது இளைஞன் கரம் — துணி தைக்க அல்ல. தன் நரம்பிலே நஞ்சேற்ற!

என்ன நஞ்சு அது? டபென்டடால்! கடும் வலிக்கென மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை. அதைப் பொடித்து, நீரிலே கரைத்து, குருதியிலே செலுத்துகிறான். கரையாத துகள் குருதிக் குழாயை அடைக்கிறது. அளவு மீறினால் மூச்சு நின்றுபோகிறது. ஊசி கைமாறினால் எய்ட்ஸ் கிருமியும் உடன் கைமாறுகிறது.

"மருந்துதானே!" என்பான் வணிகன். ஏமாறாதே தோழனே! 1898இல் ஹெராயினையும் இருமல் மருந்தென்றே விற்றது ஜெர்மனியின் பேயர் நிறுவனம். பீகாரிலே விளைந்த அபினியைச் சீனத்துக்குக் கடத்தி, தடுத்த அரசின்மீது 1839இல் போரே தொடுத்தது வெள்ளை வணிகம். நஞ்சுக்கு நாடில்லை, இலாபமே அதன் நாடு!

டபென்டடாலும் கரிசோப்ரடாலும் கலந்த மாத்திரை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போவது அம்பலமானதும், 2025 பிப்ரவரியிலே அனுமதியை விலக்கியது ஒன்றிய அரசு. நன்று! உலகம் பார்த்தபின் விழித்த கண், மருத்துவர் சீட்டின்றி நம் தெருவுக்கு வரும் மாத்திரையை எப்போது காணும்? ஆலை வாயிலிலே கணக்குக் கேளாமல், சந்திலே சிறுவனைப் பிடித்து என்ன பயன்?

1921இலே, கள்ளுக்கு உதவுகிறதென்று தன் தோப்புத் தென்னைகளையே சாய்த்தார் ஈரோட்டுப் பெரியார். அவர் உடைத்தது கலயத்தையல்ல; வெட்டியது மரத்தை!

தோழனே, ஊசி பிடித்த தம்பியை ஏசாதே. மருத்துவமனைக்கு அழைத்துச் செல். நஞ்சின் மரம் எங்கேயென்று அரசைக் கேள். வெட்டும்வரை கேள்!