சிறைவாசலுக்கு முன்பே சேர வேண்டிய மானியம்

கொச்சி மட்டாஞ்சேரிக்கு மசாலாக் கிடங்குகளையும் யூதர் தெருவையும் காணச் செல்லும் பயணிகளில் பலருக்கு, அங்கே ஒரு கிளைச் சிறை இருப்பது தெரிந்திராது. கிளைச் சிறையில் இருப்போர் பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சுமை தூக்கியும் மீன் ஏற்றி இறக்கியும் அன்றாடக் கூலியில் காலம் தள்ளும் குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊரில், தந்தை இரண்டு மாதம் உள்ளே இருந்தால் அடுப்பு எரிவதும் பிள்ளை பள்ளி செல்வதும் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை. ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர இயலாமல் போவதுதான் இதில் பெருங்கொடுமை. ஜாமீன்தாரர் நிலவரி கட்டிய ரசீதைக் காட்ட வேண்டும். வாடகை அறையில் வசிப்பவருக்கு நிலமுள்ள நண்பர் எங்கிருந்து கிடைப்பார்?

இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்தில் 1978-லேயே எழுப்பியவர், பின்னாளில் கொச்சியில் வாழ்ந்து 2014-ல் மறைந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். மத்தியப் பிரதேசக் கொத்தனார் மோதிராமிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது கீழ் நீதிமன்றம். அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அதை ஏற்கவும் மறுத்தது. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடுவித்த கிருஷ்ணய்யர், சாந்தினி சௌக்கில் பிடிபடும் தமிழரோ மலையாளியோ உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அத்தீர்ப்பில் கேட்டார். தில்லியில் வாழும் தமிழர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் நன்றாகவே புரியும். அவர் பிறந்த நவம்பர் 15-ஐ நன்னடத்தை தினமாகக் கேரள அரசு அனுசரிக்கிறது.

மத்திய அரசு இதற்குப் பணமே ஒதுக்கவில்லை என்று கூற முடியாது. 2023 பட்ஜெட் உரையில், ஜாமீன் தொகையோ அபராதமோ கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்கு நிதியுதவி என்று நிதியமைச்சர் ஓரிரு வரிகளில் அறிவித்தார். வருமான வரிச் சலுகைக்காகக் காத்திருந்த அவையில் அது எவர் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய். விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை என்று விதிமுறைகள் வந்தன. பல மாநிலங்கள் இந்த நிதியைப் பெற முன்வரவில்லை என்று மத்திய உள்துறை அமைச்சகமே பின்னர் குறைபட்டுக் கடிதம் எழுதியது.

அது கிடைத்தாலும், கைதி உள்ளே போன பிறகு வரும் பணம் அது. சிறைவாசிகளின் பிள்ளைகளுக்குக் கேரள சமூகநீதித் துறை வழங்கும் கல்வி உதவித்தொகையும் அவ்வாறே. குடும்பம் சிதைந்த பிறகே அரசின் கை நீள்கிறது.

தாய்மார்களின் நிலை இன்னும் கடினமானது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் 1,537 பெண் கைதிகளுடன் 1,764 குழந்தைகள் சிறையில் இருந்தனர். அப்பெண்களில் 1,312 பேர் விசாரணைக் கைதிகள். 2006-ல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆறு வயது வரை மட்டுமே குழந்தை தாயுடன் சிறையில் இருக்கலாம் என்று வகுத்தது. சிறைகள் குறித்து ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, 2023 செப்டம்பரில் அளித்த அறிக்கையில், சிறையில் பிறந்த குழந்தையைப் பன்னிரண்டு வயது வரை தாயுடன் இருக்க அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. குழுவினரின் பரிவில் ஐயமில்லை. ஆனால் குழந்தையை மேலும் ஆறாண்டுகள் உள்ளே வைப்பதைவிட, தாயை வெளியே அனுப்புவது எளிதல்லவா?

அதற்குச் சட்டம் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-வது பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாதவற்றில், குற்றவாளியை நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்ப வழி செய்கிறது. கேரளத்தில் இந்தப் பணி சமூகநீதித் துறையிடம் இருக்கிறது. ‘நேர்வழி’ என்ற திட்டமும் உண்டு. தமிழகத்தில் அது சிறைத்துறையின் ஓர் அங்கம். இல்லாதிருப்பது, வீட்டில் குழந்தை உண்டா, அதை யார் பார்த்துக்கொள்வார், தந்தையின் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எங்கே என்று விசாரித்து நீதிபதியின் மேஜையில் அறிக்கை வைக்கும் ஆள்பலமும், அதற்கான நிதியும்தான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2010-லேயே இதற்குச் சட்டம் செய்தது. வன்குற்றம் புரியாத பெற்றோருக்குச் சிறைக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதக் கண்காணிப்பு என்பது அதன் ஏற்பாடு. அந்நாட்டு மத்திய அரசும் இத்தகைய முயற்சிகளுக்கென மானியம் வழங்கியது.

பிள்ளை இருப்பதே குற்றத்துக்குக் கேடயமாகிவிடாதா, பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் எங்கே என்ற எதிர்ப்பு வரும். அது அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. 2007-ல் தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் இதைச் சந்தித்தது. கடன் அட்டை மோசடி செய்த, மூன்று பிள்ளைகளின் தாய் அவர். குற்றம் மன்னிக்கப்படவில்லை, ஏமாந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் சமூகப் பணி செய்யவும் உத்தரவிட்டு, எஞ்சிய சிறைவாசத்தை நிறுத்திவைத்தது நீதிமன்றம். தண்டனைக்கு முன் பிள்ளைகளின் நலனை நீதிபதி கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். கொலையும் பாலியல் குற்றமும் செய்தவர்களுக்கு இந்தச் சலுகையை எவரும் கோரவில்லை.

மாநிலங்கள் கேட்டுப் பெறாத அந்த 20 கோடியில் ஒரு பகுதியை நன்னடத்தை அலுவலர் நியமனத்துக்கும், விடுவிக்கப்படும் பெற்றோரின் குடும்பத்துக்கு முதல் ஆறு மாத உதவிக்கும் திருப்ப, விதிமுறைகளைத் திருத்தினால் போதும்; புதிய சட்டம் தேவையில்லை. எர்ணாகுளம் மாவட்டத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உள்துறையின் மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது, கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் சென்றுள்ள உறுப்பினர்களில் எவரேனும் ஒருவர் இதைக் கேட்பாரா?